இடமிருந்து நான்காவது

ஜூன் 3, திங்கள்

இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போதும்.

இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. "வணக்கம் கோமதி மேடம்" என்று தொடங்குகிறது. எழுதியவர் ரிஸ்வானா. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் நொதிகளைப் பற்றிய தகவல்களை ஒரே படிவத்தில், ஒரே மாதிரியாகப் பதிந்து, எவரும் பார்க்கும்படி வைக்கிறார்களாம். இந்தியாவிலிருந்து போகும் பதிவுகளைத் திரட்டுவது அவர் பொறுப்பு. என்னையும் ஒரு பதிவு தரக் கேட்கிறார்.

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மருந்துக்கு ஆகிற பொருள்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. முதலில் மூலக்கூறின் உடம்பைத் தைத்துவிடும். பிறகு வேறு சில நொதிகள் வந்து, இங்கே ஒரு குளோரின், அங்கே ஓர் ஆக்சிஜன் என்று பொருத்தும். துறையில் இவற்றுக்குத் தையல் நொதிகள் என்றே பெயர். என்னைக் கேட்டால் காஜா நொதிகள் என்பேன். சட்டையை யார் தைத்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். காஜா எடுத்தவனை யாரும் கேட்பதில்லை.

அப்படி ஒரு நொதியை நான்தான் கண்டேன். 2002இல் அது பற்றி வந்த கட்டுரையின் ஆசிரியர்கள் இரண்டு பேர்: ஒருவர் எங்கள் பேராசிரியர், மற்றவர் என்னோடு ஆய்வு செய்த டாக்டர் சுகிர்தா ஜெபமணி. கடைசிப் பத்தியில், "நுண்ணுயிர் வகைகளைத் தந்து உதவிய எஸ். கோமதிக்கு நன்றி." எஸ். கோமதி என்பவள் நான். முழுப்பெயர் ச. கோமதிநாயகம்.

அந்தக் கட்டுரை தவறானது. அந்த நுண்ணுயிரின் மரபணு வரிசையில் நான்காவது குளோரினைப் பொருத்துகிறது என்கிறது. ஜெர்மனியில் ஒரு குழு நான்காவதைத் தனியாகத் தயாரித்துப் பார்த்துவிட்டது. அது எதையும் பொருத்தவில்லை.

பேராசிரியர் காலமாகிவிட்டார். சுகிர்தா ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பதவிக்குரிய மூன்று பேரில் ஒருத்தி என்று கேள்வி. தேர்வுக் குழு ஜூலை 15 அன்று கூடுகிறது. இது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். தகவலுக்காக எழுதிவைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

வண்டிக்குக் காற்று அடித்தேன். மதியம் தபால் நிலையம். ஒரே ஓர் உறை, சாதாரணத் தபால். அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 8, சனி

ரிஸ்வானா தொலைபேசியில் பேசினார்.

"ஸாரி சார். பேப்பர்ல எஸ். கோமதின்னு இருந்துச்சா, லேடின்னு நினைச்சிட்டேன்."

"பரவால்லம்மா. ஜெர்மனிக்காரனும் அப்படித்தான் நினைச்சிக்கிட்டிருக்கான்."

வடிவு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மேடம், காப்பி ஆறுது." இந்த வீட்டில் இது பழைய வேடிக்கை. கல்யாணமான வருடமே அந்தக் கட்டுரையை அவளிடம் காட்டியது என் தவறு.

படிவத்தை ரிஸ்வானா விளக்கினார். ஒரு நொதிக்கு ஒரு பதிவு. புரதத்தின் எண். வினைக்கு முன் மூலக்கூறு எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது. ஆதாரம் என்ன வகை. கட்டுரை எது. பதிவிட்டவர், சரிபார்த்தவர். அவ்வளவுதான். கதை எழுத இடமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"மரபணு நம்பர் போட்டாப் போதுமா?"

"அது எடுக்காது சார். பொதுக் களஞ்சியத்துல இருக்கற புரத எண்தான் போடணும். மரபணுவுக்கு ஒவ்வொரு லேப்லயும் ஒவ்வொரு நம்பர் குடுத்திருப்பாங்க. அதனால நிறைய குழப்பம்."

"பெயர் கட்டாயமா?"

"இல்ல சார். விருப்பமில்லன்னா காலியா விட்டுடலாம். ஆதாரம்தான் கட்டாயம்."

என் பெயரைக் கட்டாயம் போடுவேன் என்று சொன்னேன். முதலெழுத்தோடு, முழுதாக.

ஜூன் 12, புதன்

பதிவுக்கு முன் நடந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது.

1998இல் தூத்துக்குடி உப்பளத்து மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தேன். மஞ்சளாக ஒரு பொருளைக் கக்கும். சுற்றியிருக்கும் பாக்டீரியாக்கள் செத்துவிடும். அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் பதினொன்று, ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக இருந்தன. எங்கள் ஆய்வகத்தில் அதை வாசிக்க இயந்திரம் இல்லாத காலம். ஒரு வருடம் கையாலேயே வாசித்து வரிசைப்படுத்தினேன். பிறகு ஒவ்வொரு மரபணுவாக நீக்கிப் பார்த்தேன். நான்காவதை நீக்கியபோது மஞ்சள் வெளுத்தது. பாக்டீரியா ஒன்றும் சாகவில்லை. குளோரினைப் பொருத்துவது அதுதான்.

அன்றைக்குக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதினேன். பேராசிரியர் அடியில் கையெழுத்துப் போட்டார். சுகிர்தா எட்டிப் பார்த்து, "என்ன கோமதி, நாலு எழுதச் சொன்னா நாற்காலியக் கவுத்துப் போட்டிருக்க?" என்றாள். என் 4 மேலே திறந்திருக்கும். தலைகீழாகப் பார்த்தால் நாற்காலி.

2001 ஜூனில் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், மதுரை ஆய்வகத்தை விட்டுப் பாளையங்கோட்டையில் இந்தக் கல்லூரி வேலைக்கு வந்தேன். மரபணு நீக்கிய வகைகள் இருந்த குழாய்களில் எண் ஒட்டி சுகிர்தாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதே மாதம் அவளுக்கு வெளிநாட்டு உதவித்தொகை கிடைத்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்று இருந்தது. மறு வருடம் கட்டுரை வந்தது. இடையில் எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு கடிதம் கிடையாது.

இதுதான் நடந்தது.

ஜூன் 17, திங்கள்

கல்லூரி திறந்தது. என்னைவிடப் பதினோரு வயது இளையவர் துறைத் தலைவர். என் அறையைக் கணினி அறை ஆக்குகிறார்களாம். அலமாரியைக் காலி செய்ய இரண்டு வாரம் கெடு.

ஆய்வக உதவியாளர் சொடலைமுத்து ஒவ்வொன்றாக இறக்கினார். அவருக்கு அடுத்த வருடம் ஓய்வு.

"சார்வாள், இந்தக் காயிதம் பூராம் வேணுமா? கரையானே வேண்டாம்னு விட்டுட்டுப் போயிருக்கு."

"எல்லாத்தையும் பார்த்துத்தான் எறியணும்."

"பாத்த காயிதத்தையே எத்தன தடவ பாப்பிய? எல்லாத்துலயும் சிவப்பு மையில தேதி போட்டிருக்கே."

உண்மைதான். எந்தத் தாளைப் படித்து முடித்தாலும் வலது மேல் மூலையில் சிவப்பு மையால் அன்றைய தேதியைப் போடுவேன். தண்ணீர் வரி ரசீதிலும் போடுவேன். படித்ததற்கு ஒரு சாட்சி வேண்டும்.

ஒரு பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குறிப்பேடு அதில் மேலேயே இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

நெல்லையப்பர் தேர். உள்ளூர் விடுமுறை. வடிவு தன் தங்கையோடு போய்விட்டாள். வீடு அமைதி.

படிவத்தைத் திறந்தேன். வினைக்கு முன், பின் என்று மூலக்கூறை ஒரே வரி எழுத்தாக எழுத வேண்டும். நன்றாக வந்தது. குறிப்பு என்ற கட்டத்தில், "2002 கட்டுரையின் முடிவு தவறானது, சோதனை செய்தவர் ச. கோமதிநாயகம்" என்று எழுதினேன். இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

புரத எண்ணில் 4 என்று போட்டேன். கட்டம் சிவப்பானது. "இப்படி ஓர் எண் இல்லை."

களஞ்சியத்தில் சுகிர்தா பதிந்திருக்கும் வரிசையை இறக்கி வைத்திருக்கிறேன். நாளை பார்க்க வேண்டும்.

ஜூன் 22, சனி

சுகிர்தா பதிந்த நான்காவது புரதம் ஒரு வெளியேற்றும் குழாய். தயாரித்த பொருளைச் செல்லுக்கு வெளியே தள்ளுவது. அது குளோரினைத் தொடவே தொடாது. ஜெர்மனிக்காரன் சொன்னது சரி.

அவள் வரிசையில் எட்டாவது புரதம்தான் குளோரினைப் பொருத்தும் வகை. இன்றைக்கு எந்தக் கணினியைக் கேட்டாலும் சொல்லும்.

என் குறிப்பேட்டை எடுத்து, கையால் வாசித்த எழுத்துகளை அவள் வரிசையோடு ஒத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மதியம் சாப்பிட்ட பிறகு, என் வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்து பிசகாமல் பொருந்தியது.

மரபணுப் பெட்டிகள் பதினொன்று. நான் எண்ணியது ஒரு முனையிலிருந்து. அவளுடைய இயந்திரம் வாசித்தது மறுமுனையிலிருந்து. என் நான்கு, அவளுக்கு எட்டு. என் சோதனை சரி. அவளுடைய வரிசையும் சரி. குழாயின்மேல் ஒட்டிய எண் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

குழாயின்மேல் எந்தப் பக்கத்திலிருந்து என்று நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பத்திரிகையில் படம் போட்டால் இடமிருந்து வலமாகத்தான் பெயர் போடுகிறான். உலகமே இடமிருந்துதான் எண்ணுகிறது.

சந்தேகம் இருந்திருந்தால் அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 26, புதன்

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"கோமதியா? சுகிர்தா பேசுறேன்."

குரல் மாறவில்லை. நாகர்கோவில் இழுவையும் மாறவில்லை. என் எண்ணை ரிஸ்வானா கொடுத்திருக்கிறார்.

"சொகமா இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் சுத்தி வளைக்கல்ல, கேட்டியா. அந்தப் பழைய பேப்பர் தப்புன்னு எனக்கும் இப்போ தெரியும். தப்பச் சரி பண்ணிப் போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள செலக்‌ஷன் கமிட்டிக்கு ஒரு மொட்டக் கடிதாசி போயிருக்கு. அப்படி மரபணு நீக்கின ஒரு மியூட்டண்டே கெடையாது, நான் டேட்டாவ இட்டுக்கட்டி எழுதினேன்னு."

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"தப்புப் பண்ணினேன்னு சொன்னா பரவால்ல கோமதி. தப்பு எல்லாரும் பண்ணுவாங்க. இட்டுக்கட்டினேன்னு சொன்னா வேலையே போயிரும். டைரக்டர் போஸ்ட் கெடக்கட்டும், இப்போ இருக்கிற வேலையும் போகும். ஃப்ரீசர் செத்துப் பத்து வருஷமாச்சு. குழாய் ஒண்ணும் இல்ல. உன் நோட்டு ஒண்ணுதான் மிச்சம்."

"கடிதாசி யார் போட்டதாம்?"

"பேர் இல்ல. உறையில திருநெல்வேலி முத்திர."

"திருநெல்வேலில ஆறு லட்சம் பேர் இருக்காங்க."

"ஆறு லட்சத்துல எத்தன பேருக்குக் குளோரின் வைக்கிற நொதி தெரியும் கோமதி?"

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு அவள் கோபமே இல்லாமல் கேட்டாள்:

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எந்தப் பக்கத்துல இருந்து எண்ணின?"

"ஞாபகமில்ல" என்றேன்.

"சரி. ஞாபகம் வந்தா சொல்லு. இந்தத் தடவயாவது சொல்லு."

வைத்துவிட்டாள். 'இந்தத் தடவயாவது' என்று ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஜூன் 27, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொன்னேன்.

ஜூலை 2, செவ்வாய்

மீதிப் பெட்டிகளையும் சொடலைமுத்து ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வடிவு கூடத்தில் உட்கார்ந்து பிரித்தாள். கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பக்கம், பழைய வினாத்தாள்கள் ஒரு பக்கம்.

"ஏங்க, இதுல உங்க சிநேகிதி எழுதின கடுதாசி ஒண்ணு இருக்கு."

பழுப்பு உறை. மதுரை முத்திரை. அனுப்புநர் சுகிர்தா. மேல்பக்கம் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. நான் அப்படித்தான் வெட்டுவேன்.

ஒரு பக்கக் கடிதம். இயந்திரத்தில் வந்த வரிசை தலைகீழாக இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, நீ எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாய் என்று ஒரு வரி எழுது என்று கேட்டிருந்தாள். உன் பெயர் இரண்டாவதாக வரும், பேராசிரியரிடம் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன், பத்திரிகைக்காரர்கள் ஒவ்வோர் ஆசிரியரிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள், படிவத்தை இணைத்திருக்கிறேன், டிசம்பருக்குள் வராவிட்டால் பேராசிரியர் உன் பெயரை எடுத்துவிடுவார் என்றும் இருந்தது. அடியில், "கோபம் இருந்தால் திட்டி எழுது. ஆனால் எழுது."

படிவமும் உள்ளே மடித்தபடி இருந்தது. இரண்டாவது ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் சரியாக, முதலெழுத்தோடு, முழுதாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதன் கீழே கோடு. கோட்டின்மேல் ஒன்றும் இல்லை.

கடிதத்தின் வலது மேல் மூலையில் சிவப்பு மையில் 24.10.2001 என்றிருந்தது.

ஜூலை 3, புதன்

நாற்பது விடைத்தாள் திருத்தினேன்.

ஜூலை 5, வெள்ளி

இன்றும் நாற்பது. இரண்டு பேருக்குக் கூட்டல் தவறு. திருத்திக் கொடுத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

இட்லிக்கு அரைத்துக்கொண்டே வடிவு பேசினாள். கடிதத்தை அவள் படித்திருக்கிறாள். மறைக்கவும் இல்லை.

"அந்தச் சிவப்பு மை உங்களது தான?"

"ஆமா."

"அப்ப பதில் போடலியா?"

"அப்பாவுக்கு முடியாம இருந்துது."

"மாமா அந்த ஆடியிலயே எந்திரிச்சு நடமாடிட்டாங்களே. ஐப்பசில நம்ம நிச்சயத்துக்கு நல்லாத்தான வந்தாங்க."

கிரைண்டரை நிறுத்தினாள்.

"இத்தன வருஷமா அவுக உங்க பேர எடுத்துட்டாகன்னு சொல்லிட்டு இருந்தியளே. நானும் அவுகளத் திட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு பொம்பளைய, முகத்தக்கூடப் பாக்காம."

"ஞாபகம் இல்லாமப் போச்சு."

"சரி, இப்ப ஞாபகம் வந்துட்டுல்லா? ஃபோனப் போட்டுச் சொல்லுங்க."

"யோசிக்கணும்."

"யோசிங்க மேடம்" என்றாள். சிரிக்கவில்லை. கிரைண்டரைத் திரும்பப் போட்டாள்.

நிலவரத்தைச் சரியாக எழுதுகிறேன். கடிதம் வந்த அன்று நான் அதை இரண்டு முறை படித்தேன். அவள் உதவித்தொகையில் வெளிநாடு போகப்போகிறவள். போகிற அவசரத்தில் எனக்கு இரண்டாம் இடம் கொடுக்கிறாள் என்று பட்டது. என் நுண்ணுயிர், என் வரிசை, எனக்கு இரண்டாம் இடம். பதில் இல்லாமல் திண்டாடட்டும் என்று அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் போடலாம் என்றிருந்தேன். ஒரு வாரம் கழிந்தது.

ஜூலை 9, செவ்வாய்

தேர்வுக் குழு கூட ஆறு நாள் இருக்கிறது. ரிஸ்வானாவிடம் கேட்டேன். பதிவு வந்தால் இரண்டு நாளில் சரிபார்த்து வெளியிட்டுவிடலாம் என்றார். "சுகிர்தா மேடமும் கேட்டாங்க சார். வெளியானா அதையே கமிட்டிக்கு அனுப்பலாம்னாங்க. பாவம், ரொம்ப டென்ஷனா இருக்காங்க."

படிவத்தை மறுபடி திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் முன்பு எழுதியதை அழித்தேன்.

புரத எண்: அவள் வரிசையில் எட்டாவதன் எண். கட்டம் பச்சையானது.

வினை: முன்பு எழுதியதே.

ஆதாரம்: மரபணு நீக்கம். குறிப்பேட்டின் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன். தேதி தெளிவாக இருக்கிறது. பேராசிரியரின் கையெழுத்தும் தெளிவாக இருக்கிறது. நான் வரைந்த பதினொரு மரபணுப் பெட்டிகளுக்கும் கீழே, இடமிருந்து வலமாக நான் போட்ட அம்புக்குறியும் இருக்கிறது. அன்று போட்டிருக்கிறேன். குறிப்பேட்டில் போட்டதைக் குழாயில் போடவில்லை.

குறிப்பு: "2002 கட்டுரையில் 4 எனப்படுவது இப்புரதமே. நுண்ணுயிர் வகை உண்மையில் இருந்தது, சோதனையும் உண்மை. வகையைத் தந்தவர் எண்ணிய திசையைக் குழாயில் குறிக்கவில்லை. கட்டுரையாசிரியர் 2001 அக்டோபரில் கடிதம் மூலம் திசையைக் கேட்டார், பதில் அளிக்கப்படவில்லை. பிழை வகையைத் தந்தவருடையது." கடிதத்தையும் படமெடுத்து இணைத்தேன். என்னை விளிக்கும் வரியைக் காகிதத்தால் மறைத்தேன். சிவப்புத் தேதியை மறைக்கவில்லை.

சுருக்கமாக இருக்கிறது. படிவத்துக்கு ஏற்ற நடை.

பதிவிட்டவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். ச. கோமதிநாயகம். முதல்முறையாக அந்த நொதியின் பக்கத்தில் என் பெயர் சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

இந்தப் பெயர் இங்கே நின்றால் கண்டவன் நான் என்று உலகத்துக்குத் தெரியும். நான் கேட்டது அதுதான். ஆனால் இங்கே கையெழுத்துப் போட்டால் ஜூன் 5ஆம் தேதி பெயரில்லாமல் தபாலில் போட்ட உறைக்கும் சேர்த்துப் போட்டதாகிவிடும். அதற்கு இன்னும் துணிவு வரவில்லை. வரும் என்று எழுதவும் விருப்பமில்லை.

ஏழு எழுத்தையும் முதலெழுத்தையும் அழித்தேன்.

சுகிர்தாவுக்குப் பெயர் தேவைப்படாது. பக்கத்தைத் திறந்ததும் நடுவில் அந்தக் கவிழ்ந்த நாற்காலி இருக்கும். வேறு எவனும் நான்கை அப்படி எழுதுவதில்லை. குழுவுக்குப் போய் யாருடையது என்று அவள் சொன்னால், சொல்லட்டும். நான் மறுக்கப்போவதில்லை.

வீட்டில் இணையம் விட்டு விட்டு வருகிறது. நாளை காலை கல்லூரியிலிருந்து அனுப்புகிறேன், பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டு.